ஆர்லீனின் சுவிட்ச்

அன்று சமையலறை விளக்கு முதலில் அணைந்தது சூப் பரிமாறும்போதா, அதற்குப் பிறகா என்று நதீனால் இப்போது உறுதியாகச் சொல்ல முடிவதில்லை. மெழுகுவத்திகள் முன்பே மேசையில் இருந்தனவா, பிறகுதான் அவள் எடுத்து வந்தாளா என்பதும் குழப்பம்தான். நினைக்கும் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒன்று இடம் மாறி நிற்கிறது. கணவன் ரஸ்ஸலைக் கேட்டால் அவன் வேறு மாதிரி சொல்வான். ஒன்று மட்டும் மாறுவதே இல்லை. சுவரில் அந்த வழுவழுப்பான புதிய சுவிட்ச். அதன்மேல் அவளுடைய ஆள்காட்டி விரல்.

ராசெஸ்டர் நகரில் இருந்த அப்பாவின் வீட்டுக்கு அவர்கள் குடிவந்தது இலைகள் உதிரத் தொடங்கிய ஒரு மத்தியானத்தில். அம்மா ஆர்லீன் அந்த வசந்தத்தில்தான் இறந்திருந்தாள். அப்பா வெண்டலைத் தனியாக விட முடியாது, அவரோ வீட்டை விட்டு வரமாட்டார். வீட்டைப் புதுப்பித்துக்கொண்டு அவரோடு இருந்துவிடலாம் என்று ரஸ்ஸல்தான் சொன்னான்.

அப்பாவுக்கும் அம்மாவுக்கும் பிறவியிலிருந்தே காது கேட்காது. கைகளால்தான் பேசுவார்கள். நதீனுக்கு மட்டும் கேட்கும். கை எட்டாத தூரத்தில் இருப்பவரைக் கூப்பிட அந்த வீட்டில் வெளிச்சம்தான் குரல். வாசல் மணியை அமுக்கினால் கூடத்து விளக்கு மினுங்கும். சமையலறைச் சுவரில் ஒரு பித்தளைச் சுவிட்ச். அதைத் தட்டினால் கீழே நிலவறையில் அப்பாவின் வேலை மேசை விளக்கு அணைந்து எரியும். அப்பாவின் மேசையருகே அதற்கு இணையான இன்னொன்று. அதைத் தட்டினால் மேலே சமையலறை விளக்கு. இரண்டு தடவை அணைந்தால் "இங்கே பார்". விடாமல் அணைந்து அணைந்து எரிந்தால் "உடனே வா". அந்த வீட்டை வாங்கிய புதிதில் அப்பா தன் கையாலேயே இழுத்த கம்பிகள் அவை.

பள்ளித் தோழிகள் வந்தபோதெல்லாம் கேட்பார்கள்: "ஏய் நதீன், உங்க வீட்ல பேய் இருக்கா?"

"பழைய வயரிங்" என்பாள் அவள். அம்மாதான் கூப்பிடுகிறாள் என்று ஒருநாளும் சொன்னதில்லை.

மின்வேலைக்கு வந்த டுவெய்ன் வாய் ஓயாத ஆள். முதல்நாளே சுவரைத் திறந்து பார்த்துவிட்டுச் சிரித்தான்.

"மேடம், இது என்ன, சிலந்தி கட்டின வீடா? கீழே ஒரு சுவிட்ச் தட்டுனேன், மேல அடுப்படியில லைட் போகுது! மாட்டுனவரு அன்னைக்குக் கொஞ்சம் தண்ணி போட்டிருந்தாரோ?"

ரஸ்ஸலும் சிரித்தான். நதீனுக்குப் பக்கத்தில், தன் வேலையைப் பற்றித்தான் பேச்சு என்று தெரியாமல், அப்பாவும் மரியாதைக்குச் சிரித்தார். அது அப்பா இழுத்த கம்பி என்று நதீன் ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாம்.

"பழைய வயரிங்" என்றாள் நதீன். "எடுத்துடுங்க."

டுவெய்ன் விளக்குப் படங்களைப் பரப்பினான். கூரைக்குள் புதைந்த வட்ட விளக்குகள், ஆள் வந்தால் தானாக எரிபவை, விரலால் கீழே தடவினால் மெல்ல மங்கி, மேலே தடவினால் மெல்லத் தெளிபவை. நதீன் படத்தை அப்பா பக்கம் திருப்பி வைத்தாள். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பார்த்தார். பிறகு கைகளைத் தூக்கினார்.

"அழகா இருக்கு. டக்குனு அணையுமா?"

"மெதுவாத்தான்பா அணையும். கண்ணுக்கு இதமா இருக்கும்."

"மெதுவா அணைஞ்சா, கூப்பிடறாங்கன்னு எப்படித் தெரியும்?"

"அதுக்குத்தான் அதிர்ற வாட்ச் வாங்கிக் கொடுத்திருக்கேனே."

"அதைக் கட்டிக்கிட்டு உளி பிடிக்க முடியல." அவர் கீழே மரவாத்துப் பொம்மைகள் செதுக்குபவர். கொஞ்ச நேரம் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "சரி. எனக்கு வாட்ச். ஆர்லீன் எதைத் தட்டுவா?"

நதீன் டுவெய்னை ஓரக்கண்ணால் பார்த்தாள். அவனுக்குக் கைப்பேச்சு தெரியாது. அப்படியும் அவள் கைகளை மேசைக்குக் கீழே இறக்கிக்கொண்டுதான் பதில் சொன்னாள்.

"அம்மா இல்லப்பா."

"தெரியும் கண்ணு. நான்தானே புதைச்சேன்." அவர் முகத்தில் குழப்பம் எதுவும் இல்லை. "ஆனா சாப்பாட்டு நேரத்துக்குக் கூப்பிடறாளே."

அன்று சாயங்காலம் அவர் குளிக்கப் போயிருந்தபோது நதீன் நிலவறைக்கு இறங்கினாள். மரத்தூளும் ஈரச் சுவரும் கலந்த வாசனை. கண்ணில்லாத வாத்துகள் வரிசையாக நின்றன. ரஸ்ஸல் வெளியே காரைத் துடைத்துக்கொண்டிருந்தான். மேலே சமையலறையில் யாரும் இல்லை.

சன்னலின் கடைசி வெளிச்சமும் போய், வேலை மேசை விளக்கு மட்டும் எரிந்தது.

விளக்கு அணைந்தது. எரிந்தது.

அணைந்தது. எரிந்தது.

அவள் படியேறி ஓடினாள். சமையலறை காலி. அடுப்பு குளிர்ந்து கிடந்தது. ஆனாலும் வெங்காயம் வெண்ணெயில் வதங்கும் மணம் அடித்தது. பித்தளைச் சுவிட்சின் முனையில் வெள்ளையாக ஏதோ ஒட்டியிருந்தது. விரலால் தொட்டாள்.

கோதுமை மாவு.

அம்மா பிசைந்த கையோடுதான் எப்போதும் சுவிட்சைத் தட்டுவாள்.

"என்ன, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?" என்று கேட்டுக்கொண்டே ரஸ்ஸல் பின்கதவைத் திறந்தான்.

நதீன் சட்டைக் கையால் சுவிட்சை அவசரமாகத் துடைத்தாள். பயத்தைவிட வெட்கம் பெரிதாக இருந்தது. ஊத்தைத் துணியை விருந்தாளி பார்த்துவிட்டது போன்ற வெட்கம். "ஒண்ணுமில்ல. நாளைக்கே டுவெய்ன்கிட்டச் சொல்லி இதை எடுக்கச் சொல்லணும்."

டுவெய்ன் கம்பியை அடியோடு உருவி எடுத்தான். சமையலறைச் சுவரில் பித்தளைச் சுவிட்ச் இருந்த இடத்தைப் பூசி, வண்ணம் அடித்துவிட்டான். நிலவறையில் சுவிட்ச் இருந்த ஓட்டையை மட்டும் ஒரு வெள்ளை மூடி போட்டுத் திருகினான். அப்பா அதன் எதிரே போய் நின்றார். உள்ளங்கையை மூடிமேல் வைத்துப் பார்த்தார், காய்ச்சல் பார்ப்பதுபோல. அன்றிலிருந்து சாப்பாட்டு நேரத்தில் நதீன்தான் கீழே போய் அவர் தோளைத் தொட வேண்டியிருந்தது. ஒவ்வொரு முறையும் அவர் திடுக்கிட்டார். அந்த வீட்டில் அதற்குமுன் அவர் திடுக்கிட்டு அவள் பார்த்ததில்லை.

முதல் பனி விழுந்த வாரத்தில் விருந்து. ரஸ்ஸலின் அலுவலகத் தோழி பெவர்லியும் அவள் கணவரும் வந்தார்கள். இருவரும் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டே உள்ளே நுழைந்தார்கள்.

"அடேயப்பா! விளக்கு போட்டிருக்கறதே தெரியல, வெளிச்சம் மட்டும் இருக்கு" என்றாள் பெவர்லி. "எங்க வீட்டுக்காரர் மாட்டுன லைட்டுல நான் போலீஸ் விசாரணைக்கு உட்கார்ந்த மாதிரி இருப்பேன்."

எல்லோரும் சிரித்தார்கள். நதீனுக்கு உடம்பு லேசானது. அப்பா சலவைச் சட்டை போட்டுக்கொண்டு மேசையின் தலைப்பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பெவர்லி அவர் பக்கம் திரும்பி, உதட்டை அகல அகலமாக அசைத்து, "பொழுது எப்படிப் போகுது உங்களுக்கு?" என்றாள்.

அப்பாவின் முகம் மலர்ந்தது. கைகள் எழுந்தன. தான் இளவயதில் இழுத்த கம்பிகளைப் பற்றிச் சொன்னார். ஆர்லீன் மாவுக்கையோடு கூப்பிடுவதைச் சொன்னார். நெடுநாள் கழித்து அவர் கைகள் அவ்வளவு வேகமாக ஓடின.

"மரவாத்து செதுக்கறாராம்" என்றாள் நதீன்.

அப்பா அவள் உதட்டைப் பார்த்தார். "அவ்வளவுதானா? நான் சொன்னதைச் சொல்லு."

"அப்புறம்பா."

அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது, கனமாக, வடிவமில்லாமல். பெவர்லியின் கரண்டி தட்டில் விழுந்தது. அவர் அருகே உட்கார்ந்திருந்த நதீன் மேசைக்கடியில் கையை ஆட்டினாள்: "சத்தம் வேண்டாம். தயவுசெஞ்சு."

அவர் சத்தத்தை நிறுத்தினார். கைகளை நிறுத்தவில்லை. கோபத்தில் அவை பெரிதாயின. ஒரு தண்ணீர்க் குவளை சாய்ந்தது. விருந்தாளிகள் தங்கள் தட்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். நதீன் எழுந்தாள். ஏதோ அழகுக்காகச் செய்வதுபோல, "கொஞ்சம் வெளிச்சம் குறைச்சா நல்லா இருக்கும், இல்ல?" என்று சொல்லிக்கொண்டே சுவிட்சில் விரலை வைத்துக் கீழே தடவினாள்.

அந்த வீட்டில் எவ்வளவு பெரிய சண்டையிலும் யாரும் விளக்கில் கை வைத்ததில்லை. பேசுகிறவர் வாயைப் பொத்துவது அது.

வெளிச்சம் மெல்ல இறங்கியது. அப்பாவின் கைகள் தண்ணீருக்குள் போவதுபோல மங்கி, பாதி வாக்கியத்தில் காணாமல் போயின.

அவள் மறுபடி வெளிச்சத்தை ஏற்றியபோது அவர் கைகளை மடியில் வைத்திருந்தார். கைத்துணியை நான்காக மடித்துத் தட்டருகே வைத்தார். எழுந்து நிலவறைக்கு இறங்கிப் போனார்.

"வயசானா அப்படித்தான்" என்றான் ரஸ்ஸல், யாரையும் பார்க்காமல்.

சாப்பாடு தொடர்ந்தது. பெவர்லி ஏதோ வேடிக்கை சொன்னாள். எல்லோரும் தேவைக்கு மேல் சிரித்தார்கள்.

அப்போதுதான் விளக்கு அணைந்தது.

மெல்ல அல்ல. டக்கென்று.

எரிந்தது. அணைந்தது. எரிந்தது.

அப்படி அணையவே முடியாத விளக்குகள் அவை. அப்பா கேட்டதற்கு அவளே சொன்ன பதில்.

"என்ன நதீன்," பெவர்லி கண்ணை உருட்டினாள், "உங்க வீட்ல பேய் கீய் இருக்கா?"

"பழைய வயரிங்."

ரஸ்ஸல் நிமிர்ந்து பார்த்தான். "எல்லாமே புதுசுதானே போட்டோம்?"

வெங்காயம் வதங்கும் மணம் நதீனின் மூக்கில் ஏறியது. மேசையில் இருந்ததோ மீன்.

விளக்கு மறுபடி அணைந்தது. எரிந்தது. அணைந்தது. எரிந்தது. இப்போது நிற்கவில்லை.

உடனே வா.

அவளுக்குப் புரியாமல் இல்லை. பேசக் கற்கும் முன்பே அவள் கற்ற மொழி அது. கிழவர் கோபத்தில் எதையோ நோண்டி விருந்தைக் கெடுக்கிறார் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். மாவு ஒட்டிய சுவிட்ச் நினைவுக்கு வந்தபோது அந்த நினைவின்மேலும் கோபப்பட்டாள். விருந்தாளிகளின் முகங்கள் இருட்டிலும் வெளிச்சத்திலும் மாறி மாறித் தெரிந்தன. அவள் போய் விரலால் சுவிட்சை அழுத்தினாள்.

விரலுக்கடியில் அது துடித்தது.

நாடியைப்போல.

துடிப்பு அடங்கி விளக்கு முழுதாக அணையும்வரை அவள் விரலை எடுக்கவில்லை.

"மெழுகுவத்தியே போதும்" என்றாள். "இதுதான் இன்னும் அழகு."

விருந்தாளிகள் போன பிறகு ரஸ்ஸல் தட்டுகளைக் கழுவினான். நதீன் நிலவறைப் படியில் இறங்கினாள். வேலை மேசை விளக்கு அமைதியாக எரிந்துகொண்டிருந்தது. அப்பா சுவரில் சாய்ந்து, பாதி உட்கார்ந்தபடி சரிந்து கிடந்தார். வெள்ளை மூடி உளியால் பெயர்க்கப்பட்டிருந்தது. அவருடைய இடது கை அந்த வெற்று ஓட்டைக்குள் விரல்களை விட்டபடி இருந்தது. ஓட்டைக்குள் கம்பி எதுவும் இல்லை. சுண்ணத்தூளும் இருட்டும்தான்.

வாய் திறந்திருந்தது. ஆனால் அவர் கத்தவில்லை. கத்தியிருந்தால் மேலே கேட்டிருக்கும். சத்தம் வேண்டாம் என்று அவள்தான் சொல்லியிருந்தாளே.

மூச்சு இருந்தது. ஆம்புலன்ஸில் வந்த பெண் நாடியைப் பிடித்துக்கொண்டே, "கொஞ்சம் முன்னாடியே பார்த்திருந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்து, நதீனின் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

ஸ்ட்ரெச்சர் போன பிறகு, சாவியை எடுக்க அவள் சமையலறைக்குள் வந்தாள். ரஸ்ஸல் ஈரக் கைகளோடு பூசிய சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான். பித்தளைச் சுவிட்ச் இருந்த இடம்.

புதிய வண்ணத்தின் மேல் மாவுக் கைத்தடங்கள். ஒன்றன்மேல் ஒன்றாக, இருட்டில் எதையோ தேடித் தேடித் தட்டியதுபோல.

"யாரு நதீன் இது?" அவன் குரல் கிசுகிசுப்பாக வந்தது.

அவள் சொல்லவில்லை. அப்போதும் சொல்லவில்லை.

பக்கவாதத்தில் வெண்டலுக்கு வலது பக்கம் விழுந்துவிட்டது. இடது கையால் தாதிகளிடம் தண்ணீர் கேட்டார், சன்னலைத் திறக்கச் சொன்னார். நதீன் எதிரே வந்து கைகளைத் தூக்கினால் மட்டும் கண்களை மூடிக்கொள்வார். அவள் போனபிறகுதான் திறப்பார். பனி உருகுவதற்குள் இறந்துபோனார். ஆர்லீனுக்குப் பக்கத்திலேயே புதைத்தார்கள். வீட்டை இரண்டு குழந்தைகள் உள்ள ஒரு குடும்பம் வாங்கியது. அவர்களுக்கு எந்தத் தொந்தரவும் இல்லை. விளக்குகள் பிடித்திருக்கின்றனவாம். டுவெய்ன் இன்னும் வேலை செய்கிறான். ரஸ்ஸல் சிரக்யூஸ் நகரில் தன் தம்பியோடு இருக்கிறான், பண்டிகைக்கு வாழ்த்து அட்டை அனுப்புவான்.

நதீன் ஒற்றை அறை வீட்டில் தனியாக இருக்கிறாள். அம்மாவின் பழைய மேசை விளக்கு ஒன்றுதான் அங்கே. இழுக்கும் சங்கிலி வைத்தது, எரியும் அல்லது அணையும், நடுவில் எதுவும் கிடையாது. தினமும் சாப்பாட்டு நேரத்தில் அது இரண்டு தடவை அணைந்து எரிகிறது. அவள் உடனே திரும்பி, கைகளைத் தூக்குகிறாள்.

"அம்மா, அன்னைக்கு விளக்கை நான்தான்..."

அந்த இடம் வந்ததும் வெளிச்சம் இறங்கத் தொடங்குகிறது. மெதுவாக, கண்ணுக்கு இதமாக, அவள் கைகள் அவளுக்கே தெரியாமல் போகும்வரை.