பின்னறையில் சுஜிதாவின் குரல்

"நல்லாருக்குக்கா" என்றுதான் சுஜிதா சொன்னாள். பின்னறைக்குள் போய் மோதித் திரும்பிய எதிரொலி சற்றுத் தாமதமாக வந்தது. அதில் "அக்கா" என்ற சொல் இல்லை. அந்த இடத்தில் "எனக்கு" என்று கேட்டது.

காது குழம்பியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். தென்காசியின் பழைய தெரு ஒன்றில், சன்னலைத் திறந்தால் கோபுரம் தெரிகிற அந்த மாடி முழுவதையும் அக்கா ஜாய் வாங்கியிருந்தாள். சாமான் இல்லாத அறைகளில் சுரண்டிய சுண்ணாம்பின் வாடையும், தேக்கு உத்தரங்களில் தொங்கிப் பழகிய வௌவால்களின் நெடியும், குற்றாலத்துப் பக்கமிருந்து மத்தியானத்தையே இருட்டாக்கிக்கொண்டு வந்த சாரலின் ஈரமும் சேர்ந்து தொண்டையில் படிந்தன. சுஜிதாவின் வாடகை வீட்டில் கட்டிலைச் சுற்றி நடக்கக்கூட இடம் கிடையாது.

"ஏட்டி, இந்தச் செவர இடிச்சா ஒரே ஹாலு. ஒன் வீடு மொத்தமும் இதுக்குள்ள அடங்கிரும்" என்று ஜாய் சிரித்தாள். கெட்ட எண்ணமில்லாத சிரிப்பு. அதுதான் எரிந்தது.

படியேறும்போது கொத்தனார் தங்கசாமி, "பின்னறைக்குள்ள போயிராதீய. காலையிலதான் தளத்த உடைச்சிருக்கு. அக்காட்டயும் சொல்லிருங்க" என்று சுஜிதாவிடம் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். அதைச் சொல்லத்தான் இப்போது வாயெடுத்தாள்.

"புதுக் கதவு போடுதோம்லா, இந்தப் பழசெல்லாம் நீ எடுத்துக்கோ" என்றாள் ஜாய்.

சுவரில் சாய்த்திருந்த கதவுகளைச் சுஜிதா பார்த்தாள். சின்ன வயதில் புதுப் பாவாடை அக்காவுக்கு வரும். வெளுத்த பிறகு இவளுக்கு. சொல்ல வந்ததைச் சொல்லவில்லை.

ஜாய் சமையலறையைப் பார்க்கப் போனாள். சுஜிதா கூடத்தில் தனியாக நின்றாள். வாய் திறக்கவில்லை.

"அக்கா, இங்கன வாயேன்."

பின்னறையிலிருந்து. சுஜிதாவின் குரல். கொஞ்சும்போது அவள் இழுக்கும் அதே இழுப்பு.

"வாரேன்ட்டி." சமையலறையிலிருந்து பின்னறைக்குப் போகும் வழியில் ஜாயின் செருப்புச் சத்தம் கேட்டது.

ஒரு சொல் போதும். நில்லு. அது சுஜிதாவின் நாக்கிலேயே இருந்தது.

விழுங்கினாள்.

செருப்புச் சத்தம் நின்றது. செங்கல் சரிந்தது. கீழே ஏதோ விழுந்தது. பிறகு சாரல் மட்டும்.

பின்னறை வாசல்வரை ஓடி எட்டிப் பார்த்தாள். உடைந்த தளத்துக்குக் கீழே, பூட்டிக் கிடந்த கடைக்குள், ஜாய் கழுத்து மடங்கிக் கிடந்தாள்.

சுஜிதா அலறினாள். சத்தம் வரவில்லை. வெறும் காற்று.

படியில் காலடி. ஜாயின் கணவர் ஜெபசிங், கையில் ஸ்விட்ச் பெட்டிகள்.

"அக்கா எங்க சுஜி?"

பின்னறை வாசலை மறித்து நின்றாள். தலையை ஆட்டினாள். வாயைத் திறந்தாள். "அத்தான், போவாதீங்க" என்பது இப்போதும் வெறும் காற்றாகவே போனது.

"இங்கனதான் இருக்கா அத்தான். வாங்க" என்றது அவள் குரல், அவளுக்குப் பின்னாலிருந்து.

ஜெபசிங் அவள் வாயைப் பார்த்தார். அது திறந்தபடி இருந்தது, அசையவில்லை. அவர் கையிலிருந்த பெட்டிகள் விழுந்தன.

"ஏங்க, வாங்களேன்." இப்போது ஜாயின் குரல்.

அவர் முகம் தெளிந்தது. சுஜிதாவை விலக்கிக்கொண்டு நடந்தார். சட்டையைப் பிடித்தாள். துணி கிழிந்து கையோடு வந்தது.

இருட்டுக்குள் அக்காவின் குரலும் தங்கையின் குரலும் சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தன.