மேஸ்திரிக்குக் கேட்ட அலறல்

காலையிலிருந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்றதில் ஏட்டுக்கு இடுப்பு கழன்றுவிடும் போலிருந்தது. ஜல்லி கிரஷரில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தியை எவனோ கெடுத்துவிட்டதாகப் புகார். அவள் மனநிலையைப் பரிசோதித்து அறிக்கை தரும்படி கோர்ட் கேட்டிருந்தது. உள்ளறையில் அவளிடம் பேசிவிட்டு மனநல டாக்டரம்மா அப்போதுதான் வெளியே வந்தார்.

"பொய்க் கேஸ்தானே டாக்டரம்மா?" ஏட்டு பரபரத்தார். "சொட்டுக் கண்ணீர் இல்ல. பின்னாலேர்ந்து பிடிச்சானாம், முகம் தெரியலையாம், கத்தவும் இல்லையாம். கிரஷர் மேஸ்திரியோ அலறல் கேட்டு ஓடி வந்தேங்கிறார், எவனோ ஓடுறதைப் பார்த்தாராம். ரெண்டும் ஒட்டலையே! நீங்க ஒரு வார்த்தை சொன்னா, பொய்ப் புகார்னு அவளையே உள்ள வச்சிடலாம்."

"முகத்தைப் பார்த்துச் சொல்ல நான் என்ன குறிகாரியா? ஏன் கத்தலைன்னு கேட்டீங்களா?"

"ஸ்டேஷன்ல எல்லார் முன்னாடியும் கேட்டேன். 'வாயைத் தச்சா வச்சிருந்தே?'ன்னேன். மேஸ்திரிகூடச் சிரிச்சுட்டார்."

டாக்டரம்மா சிரிக்கவில்லை. "அப்போ மெஷின் ஓடுச்சா?"

"ஒரு நிமிஷம் நிக்கலைன்னு மேஸ்திரியே சொன்னார்."

"கிரஷர் ஓடும்போது பக்கத்து ஆள் பேச்சு கேட்குமா, ஏட்டய்யா?"

ஏட்டின் கை தானாகக் காதுக்குப் போனது. போலீசுக்கு வருமுன் அவரும் கிரஷரில் கல் சுமந்தவர். அங்கே தண்ணீர் கேட்கவும் கைச்சாடை, விலகச் சொல்லவும் கைச்சாடை. அவர் அப்பாவின் காதைத் தின்றதே அந்த இரைச்சல்தான்.

"பயத்துல சிலருக்கு உடம்பு கட்டையாகிடும், குரல் எழும்பாது. அவ அதை மறைக்கல. அலறலைச் சேர்த்தது மேஸ்திரி. அந்த இடத்துல தான் நின்னதுக்கு அவருக்கு ஒரு காரணம் வேணுமே! இப்போகூட அவர் வெளியே இருமினதும் இவ பேச்சு பாதியில நின்னுச்சு. அவரை யார் கூட்டிட்டு வந்தது?"

"நான்தான்... துணைக்குன்னு."

ஏட்டு மேஸ்திரியை ஒரு கான்ஸ்டபிள் காவலோடு ஜீப்பில் ஏற்றி ஸ்டேஷனுக்கு அனுப்பினார். ஜீப் கிளம்பிய பிறகே உள்ளேயிருந்தவள் வாய் திறந்தாள்.

"முகம் தெரியலைன்னது மட்டும்தாம்மா பொய். அவன்தான். சொன்னா என் வீட்டுக்காரரை மெஷின்ல தள்ளிடுவேன்னான். ஸ்டேஷன்ல, இங்க நிக்கிற இவரும் அவனும் சேர்ந்துல்ல சிரிச்சாங்க? யார்கிட்டம்மா சொல்ல?"

"அம்மாடி..." என்றார் ஏட்டு. தலையைக் குனிந்தபடி வெளியேறினார்.

வழக்கு நடந்தது, மேஸ்திரிக்குத் தண்டனையும் கிடைத்தது. ஆனால் அத்தனை பேர் முன்னால் அவளைக் கேலி செய்த ஏட்டு, அத்தனை பேர் முன்னால் கேட்க வேண்டிய மன்னிப்பை அவளிடம் இன்னும் கேட்கவில்லை. அது பாக்கி.