காலையில் மட்டும் கத்திய கார்

தாராவி நாக்கா முச்சந்தியில் இருந்த கரீம் பாட்சாவின் மோட்டார் ரிப்பேர் ஷெட்டுக்குள் செண்பகவல்லி விறுவிறுவென்று நுழைந்தாள். கார்ப்பரேஷன் பள்ளிக்கூட டீச்சர். அவள் தெருவில் மெட்ரிக் தாண்டிய முதல் ஆள்.

"எங்க அண்ணன் வெயிலுமுத்துவப் போலீஸ் சவுக்கியில அடைச்சிட்டாவ, பாய். குடிச்சிட்டு வண்டி ஓட்டினானாம். மொதலாளி மகாதேவனே எழுதிக் குடுத்திருக்காரு."

முந்தின நாள் காலை ஆறரை மணிக்கு மாட்டுங்காவில் மகாதேவன் வீட்டில், வெயிலுமுத்து கியர் போட்டதும் கார் பாய்ந்து, கேட்டுக்கு வெளியே உட்கார்ந்திருந்த பூக்காரி மீனாட்சியம்மாளின் காலை ஒடித்துவிட்டது. திங்கட்கிழமை கோர்ட்டு. லைசென்ஸ் போகும், ஆறு மாசம் ஜெயிலும் உண்டு.

"கார்ல கோளாறே இல்லன்னுட்டாரு இன்ஸ்பெக்டர். மத்தியானம் ஓட்டிப் பாத்தாராம்."

பாட்சா பீடியை அணைத்தார். "மத்தியானமா? அண்ணன் முன்னாடி ஏதாச்சும் சொன்னானா, டீச்சரம்மா?"

"ஆக்சிலேட்டர் கம்பி கிறீச்சிடுது, மெஷின் ஆயில் வேணும்னு கேட்டான். யுத்த காலத்துல ஆயிலுக்கு எங்க போறதுன்னு மொதலாளி எரிஞ்சு விழுந்தாராம். பொறவு கிறீச் தானா நின்னுபோச்சு. ஆனா காலையில வண்டி நிக்கும்போதே இஞ்சின் கத்தும், கொஞ்சம் ஓடினா அடங்கிருமாம்."

"அப்ப நாளைக்கு ஆறரைக்கே போவோம். வெயில் ஏறினா பிரயோசனமில்ல."

மறுநாள் ஜனவரிப் பனி மூக்கில் ஏறியது. பாட்சா கேட்டுக்கொண்டதால் சவுக்கி ஜமேதாரும் வந்திருந்தார். கழுத்தில் மப்ளரோடு வந்த மகாதேவன், "படியிலே ஏறாதே, அங்கேயே நில்லு" என்று செண்பகவல்லியைத்தான் முதலில் நிறுத்தினார். "அவன் மிதிச்சான், கார் பாஞ்சது. இதுல ஆராய என்ன இருக்கு?"

பாட்சா இஞ்சினைக் கிளப்பினார். ஸ்டியரிங் அருகே இருந்த கை ஆக்சிலேட்டரை இழுத்தார், திரும்பத் தள்ளினார். பிடி உள்ளே போயிற்று, இஞ்சின் அடங்கவில்லை. தெருவே கேட்கக் கத்தியது.

"காலும் வைக்கல, கையும் வைக்கல. பாத்துக்குங்க" என்றவர் பானெட்டைத் திறந்து, கம்பி ஓடும் உறையின் வாயில் விரலால் வழித்தார். மெழுகு போல ஒட்டியது. "மாமி, கொஞ்சம் வெந்நீர்."

மகாதேவனின் மனைவி அம்மிணி ஒரு சொம்பைக் கொண்டுவந்து, கையில் தராமல் தரையில் வைத்துவிட்டு நகர்ந்தாள். பாட்சா உறைமேல் ஊற்றினார். கத்தல் படிப்படியாக இறங்கி அடங்கியது.

"தேங்காயெண்ணெய். போட்டதும் கிறீச் நின்னுபோகும். ஆனா பனியில உறைஞ்சு கம்பியப் பிடிச்சுக்கும், திறந்த கார்புரேட்டர் மூடாது. இன்ஸ்பெக்டர் பாத்தது மத்தியான வெயில்ல உருகின பிறகு."

அம்மிணி எட்டி மோந்தாள். "செம்பருத்தி வாசனை. நான் காய்ச்சினதுன்னா இது."

"அப்போ திருடிப் போட்டிருக்கான்" என்றார் மகாதேவன் சட்டென்று. "குடிகாரன், இப்போ திருடனும் ஆயாச்சு."

செண்பகவல்லி பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். "மாமி, அந்த எண்ணெய எங்க வைப்பீங்க?"

"சமையலுள்ளே, ஸ்வாமி அலமாரிக்குப் பக்கத்துல."

"அங்க எங்க அண்ணன் வந்திருக்கானா?"

"நன்னா கேட்டே போ. நாலு வருஷமா அவன் கொல்லைப்படி தாண்டினதில்லே. தண்ணிகூடத் தூக்கிப் பிடிச்சுக் கையிலதான் விடுவேன்." சொல்லும்போது அம்மிணியின் முகத்தில் பெருமை இருந்தது. அதே வேகத்தில் கணவன் பக்கம் திரும்பினாள். "ஏன்னா, போன ஞாயித்துக்கிழமை நீங்கதானே கிண்ணத்துல வாங்கிண்டு போனேள், கம்பி கத்தறதுன்னு?"

"அம்மிணி, உள்ளே போ."

அண்ணனை நாலு வருஷம் நாயைப் போல வாசலில் நிறுத்திய அந்தப் பெருமைதான் இன்று அவனை வெளியே கொண்டுவருகிறது. செண்பகவல்லிக்குக் காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. துப்பவில்லை. மாமி சொன்னதை ஒரு சொல் விடாமல் ஹிந்தியில் ஜமேதாருக்குச் சொன்னாள். அவர் எழுதிக்கொண்டார்.

"உறையும்னு யாருக்குத் தெரியும்?" மகாதேவனின் குரல் இறங்கிவிட்டது.

"எண்ணெய் விட்டது தெரியாம செஞ்சது. குடிச்சான்னு எழுதினது தெரிஞ்சு செஞ்சது" என்றார் பாட்சா.

குடித்திருந்தான் என்ற புகார் பொய்யென்று ஜமேதார் எழுதி நீட்டிய காகிதத்தில் மகாதேவன் கையெழுத்துப் போட்டார். பேனாவை மூடிக்கொண்டே, பெரிய மனசு பண்ணுகிறவர்போல, "சரி, நாளைலேர்ந்து அவனை வேலைக்கு வரச் சொல்லு" என்றார்.

"வருவான்" என்றாள் செண்பகவல்லி. "உங்க காக்கிச் சட்டை எங்க வீட்டுல கெடக்கு. அதத் தரையில வச்சிட்டுப் போக வருவான்."