கண்ணில் வைத்த வெளிச்சம்

வட்டம் என்றால் நான்கு புள்ளிகள். மேலே ஒன்று, கீழே ஒன்று, பக்கத்துக்கு ஒன்று; அவற்றுக்கு இடையில் கோடு தானாக வளைந்துகொள்ளும். பதினாறு வருடமாகக் கணினியில் வரைந்து பிழைக்கும் இன்ஹேவுக்கு அதில் சந்தேகமே வந்ததில்லை. மகள் சேபோமின் இடது கண்மணியில், ஒளிக்காக, அவள் வைத்த வெள்ளைப் பொட்டும் அப்படி ஒரு வட்டம்தான். இப்போது அதைத் தொட்டதும் திரையின் ஓரத்தில் கணக்கு காட்டியது. முந்நூற்றுப் பன்னிரண்டு புள்ளிகள்.

அழித்தாள். புதிதாக ஒன்று வைத்தாள். நான்கு. எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தாள். ஐந்நூற்று நாற்பது.

தென்கொரியாவின் ஜொன்ஜு நகரில் ஒன்பது நாளாக மழை விடவில்லை. மதியம் மூன்று மணிக்கே வீடு இருண்டு, பால்கனியில் காயாமல் தொங்கும் துணிகளின் புளித்த வாடையும், ஈரத்தை உறிஞ்சும் கருவியின் முனகலும், மேல்மாடியில் யாரோ நாற்காலியை இழுப்பதும் நிறுத்துவதும் மறுபடி இழுப்பதுமாக, எல்லாம் அவள் முதுகுப் பக்கமாகவே வந்து நிற்பது போலிருந்தது.

நாளை சேபோம் இறந்து நாற்பத்தொன்பதாம் நாள்; உயிர் இங்கிருந்து கிளம்பிப் போகும் நாள் என்பார்கள். புத்தர் கோயிலில் பூஜை முடிந்தால் பிள்ளையை வழியனுப்பியாக வேண்டும். சாம்பல் குடுவை இருக்கும் மாடத்தின் கண்ணாடியில் ஒட்ட ஒரு சின்னப் படம் வேண்டும். ஏழு வயதுக்காரி ஒரு நிமிடம் நின்றிருந்தால்தானே நல்ல படம் கிடைக்கும்? கைபேசியில் இருந்ததெல்லாம் கலங்கல். அதில் ஒன்றை அடியில் வைத்து, மேலே கோடு கோடாக மகளை எழுப்பிக்கொண்டிருந்தாள்.

"சேபோம் அம்மா, இன்னும் அதே கண்ணுலயா நிக்கிற?" கணவன் துசிக் செருப்பை மாட்டியபடி கேட்டான். குழந்தை போன பிறகும் ஒருவரையொருவர் அப்படித்தான் கூப்பிட்டார்கள். மாற்றிக்கொள்ள இருவருக்கும் தைரியமில்லை.

"முடிஞ்சிரும்."

"தீப்பெட்டி அளவு படம். அதுல கண்ணு எள்ளு மாதிரி இருக்கும். உள்ள ஒரு ஊரையே வரையப் போறியா?"

"பெருசா வரைஞ்சாத்தான் சின்னதுல உயிரு நிக்கும்."

"கம்பெனிக்காரன்கிட்ட சொல்ற கதைய எங்கிட்ட விடாத." சிரிக்கப் பார்த்தான். வரவில்லை. "பழம் வாங்கிட்டு வந்துர்றேன். அஞ்சு மணிக்கு அச்சுக்கடை மூடிருவான்."

"குடை எடுத்துட்டுப் போங்க."

கதவு சாத்திக்கொண்டது.

மகள் போன அன்றும் அவள் இந்த நாற்காலியில்தான் இருந்தாள். ஒரு தயிர் டப்பாவுக்கு மாட்டுப் பொம்மை. இன்னும் ஒரே ஒரு திருத்தம், இன்னும் ஒரே ஒரு திருத்தம் என்று கம்பெனியில் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். காய்ச்சல் இறங்கிவிட்டது, நாளை வீட்டுக்குப் போகலாம் என்று மருத்துவமனையில் சொல்லியிருந்தார்கள். துசிக் கீழே மருந்து வாங்கப் போன பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்தது. பிறகு நர்ஸ் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "மனசு விடாதீங்கம்மா. கடைசியா கதவப் பார்த்து 'அம்மா வந்துட்டாங்க'ன்னு சொன்னா. கைய நீட்டிச் சிரிச்சா."

அந்த ஒரு வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டுதான் இன்ஹே இத்தனை நாள் சோறு தின்றாள்.

வெள்ளைப் பொட்டைப் பெரிதாக்கினாள். இந்த மாதிரி வரைந்த படம் எவ்வளவு நெருங்கினாலும் புகைப்படம் போலச் சிதறாது. ஓரங்கள் கத்தியால் சீவியது போல நிற்கும். ஆனால் நெருங்க ஓர் எல்லை உண்டு. அதற்கு மேல் மென்பொருள் விடாது.

இன்று விட்டது.

வெள்ளைக்குள் ஒரு சாம்பல் சதுரம். நெருங்கினாள். ஜன்னல். கட்டிலின் கம்பி, மருந்துப் பாட்டில் தொங்கும் தாங்கி, போர்வைக்கு அடியிலிருந்து நீண்ட இரண்டு சின்னப் பாதங்கள். இதையெல்லாம் அவள் வரையவில்லை. ஆனாலும் வளைவை முடிக்கும் இடத்தில் கோட்டை லேசாகத் தூக்கிவிடுவது அவளுடைய பழக்கம். ஒவ்வொரு கோட்டிலும் அது இருந்தது.

பிள்ளை கடைசியாகப் பார்த்த அறை.

நிறுத்தியிருக்கலாம். ஆனால் கதவைப் பார்க்க வேண்டும். அங்கே யாரும் இல்லையென்றால் நர்ஸ் பொய் சொல்லியிருக்கிறாள். மகள் காத்திருந்து ஏமாந்து போயிருக்கிறாள். அதையும் தெரிந்துகொண்டுதான் நாளை அவளை அனுப்ப வேண்டும்.

பாதங்களுக்கு அப்பால் கதவு. திறந்திருந்தது.

ஆள் நின்றது.

பழுப்பு நிறக் கம்பளிச் சட்டை. கொண்டையில் செருகிய பென்சில். இன்ஹேவேதான். "வந்துட்டேன்டி செல்லம், வந்துட்டேன்" என்று திரையைத் தடவினாள்.

கை நின்றது.

அன்று அவள் மருத்துவமனைக்குப் போகவில்லை.

கோடுகளை மட்டும் காட்டும் பார்வைக்கு மாற்றினாள். வண்ணம் உரிந்தது. ஒன்றின் அடியில் ஒன்றாக ஒளித்து வைத்தது எதுவும் அதில் தப்பாது. கட்டிலுக்குச் சில கோடுகள். கதவுக்கு நான்கு. வாசலில் நின்றதன் முகத்தில் மட்டும் கோடுகள் அடர்ந்து கறுத்திருந்தன. நெருங்கினாள். அவளுடைய முகம். அதன் அடியில் வேறொரு பெண். அதற்கும் அடியில் இன்னொருத்தி. வயதானவள். சின்னவள். எல்லாம் யாரோ ஒரு பிள்ளைக்காகக் கனிந்த முகங்கள். எத்தனையோ அம்மாக்கள்.

மேலே இருந்தது அவளுடையது. அது கடைசியாகப் போட்டுக்கொண்ட முகம்.

வண்ணத்துக்குத் திரும்பினாள்.

கட்டிலில் போர்வை மட்டும் கிடந்தது. கதவுக்கு வெளியே நீண்ட தாழ்வாரம். அதில் இரண்டு பேர் போய்க்கொண்டிருந்தார்கள். பெரியது தோளுக்கு மேலாகத் திரும்பி, இன்ஹேவின் முகத்தோடு, இன்ஹேவைப் பார்த்தது. அதன் சுண்டுவிரலை இறுகப் பிடித்திருந்த சேபோம் திரும்பவில்லை. அண்ணாந்து அதனிடம் ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள்.