பத்தா, பன்னிரண்டா?

ஆர்த்தியின் சைக்கிளுக்குப் பூட்டுப் போட்டுவிட்டாள் அம்மா. சாவி இப்போது அவள் இடுப்பில்.

"பத்தத் தாண்டக் கூடாதுன்னு எத்தன தடவ சொல்லிருக்கேன்! இதுல பன்னெண்டு காட்டுது. வளைவுல பறந்து வந்திருக்க!"

"இல்லம்மா. எப்பவும் போலத்தான் வந்தேன்."

"அப்ப இந்தப் பெட்டி பொய் சொல்லுதாக்கும்? நாளையில இருந்து நடந்தே போ."

அம்மா ராமலட்சுமிக்கு அந்தப் பாதையை நினைத்தாலே பயம். தேவிகுளத்துப் பள்ளியிலிருந்து எஸ்டேட் லயத்து வீட்டுக்கு ஆறு கிலோமீட்டர். ஒரு பக்கம் தேயிலைச் சரிவு, மறுபக்கம் பள்ளம். சராசரி வேகம் மணிக்குப் பத்து கிலோமீட்டரைத் தாண்டக் கூடாது என்று சொல்லித்தான் மகளைச் சைக்கிளில் அனுப்பினாள்.

தினமும் பழைய போனில் இருந்த ஆப் ஒழுங்காகப் பத்து என்றே காட்டும். இன்று போனில் சார்ஜ் இல்லை. அதனால் அருள்குமார் மாமாவின் ஜி.பி.எஸ். கருவியைக் கைப்பிடியில் மாட்டிக்கொண்டு போனாள். அது வம்பாகிவிட்டது.

நடந்து போவதுகூடப் பரவாயில்லை. அம்மா நம்பவில்லையே என்பதைத்தான் ஆர்த்தியால் தாங்க முடியவில்லை.

கருவியை மறுபடி எடுத்துப் பார்த்தாள். 'ஓடிய நேரம்: 30 நிமிடம்.'

முப்பதா? நாலு மணிக்குப் பள்ளியில் கிளம்பினாள். வீட்டுக்குள் நுழையும்போது சுவர்க் கடிகாரத்தில் நாலு முப்பத்தாறு. மிச்சம் ஆறு நிமிடம் எங்கே போனது?

"அம்மா! கொழுந்து லாரி!" என்று கத்தினாள் ஆர்த்தி.

"லாரிக்கு என்னடி?"

"வளைவுல தினமும் தேயில மூட்ட ஏத்துவாங்கள்ல? அது முடியுற வரைக்கும் எறங்கி நிப்பேன். இந்தப் பெட்டி அந்த நேரத்தச் சேக்கல போல. போனு எப்பவும் சேத்துக்கும். வா, காட்டுறேன்!"

அதற்குள் போனில் கொஞ்சம் சார்ஜ் ஏறியிருந்தது. அம்மா அரை மனதோடு பூட்டைத் திறந்தாள். ஆர்த்தி போனையும் கருவியையும் கைப்பிடியில் கட்டிக்கொண்டு மெல்ல மிதித்தாள். அம்மா பக்கத்திலேயே நடந்தாள். தண்ணீர்த் தொட்டி வந்ததும் ஆர்த்தி நின்றாள். இரண்டிலும் சராசரி வேகம் ஐந்து.

"இப்பப் பாரும்மா. அசையவே மாட்டேன்."

கருவியில் ஐந்து அப்படியே நின்றது. போனில் ஐந்து நான்காயிற்று. கொஞ்ச நேரத்தில் மூன்று.

"அட! நின்னுகிட்டே இருக்கோம், இதுல வேகம் கொறையுது!" அம்மா குனிந்து இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு நிமிர்ந்தாள். "ஏன்டி, லாரிக்குப் பக்கத்துல நுழைஞ்சு வர எடமே இருக்காதா?"

"இருக்கும். ஆனா பள்ளத்துப் பக்கம்தான்."

அம்மா சாவியை எடுத்து மகள் கையில் வைத்தாள்.

"இனிமே எந்தப் பெட்டி என்ன சொன்னாலும், ஒங்கிட்ட ஒரு வார்த்த கேட்டுட்டுத்தான் திட்டுவேன்."

"அப்பவும் திட்டுவியா?"

"பின்ன?" என்று சிரித்தபடியே அம்மா பின் இருக்கையில் ஏறி உட்கார்ந்தாள். "சரி, வீடு வரைக்கும் மிதி பாப்போம். பத்துக்கு மேல போகாத!"

அம்மாவை ஏற்றிக்கொண்டு மூன்றைத் தாண்டுவதே ஆர்த்திக்குப் பெரும்பாடாகிவிட்டது.