ஆளுக்குப் பாதி மெஷின்

"அதை வாங்காதீங்க..."

பின்னாலிருந்து வந்த குரலைக் கேட்டு அவள் திரும்பினாள்.

ஒரு பெட்டியை நெஞ்சோடு அணைத்தபடி ஒருவன் நின்றிருந்தான். சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. மழைத்தண்ணீர் முடியிலிருந்து நெற்றிக்கும் நெற்றியிலிருந்து மூக்குக்கும் சொட்டிக்கொண்டிருந்தது. அவள் எடுக்கப் போன அதே வெல்டிங் மெஷினின் பெட்டிதான் அவன் கையிலும் இருந்தது.

"ஏன்... பொம்பளைங்க வாங்கக் கூடாதுன்னு எழுதியிருக்கா?"

"ஆம்பளையும் வாங்கக் கூடாதுங்க. வாங்கிட்டுப் பட்ட பாடு போதும்னு திருப்பிக் கொடுக்க வந்திருக்கேன்."

கல்லாவில் இருந்த கடைக்காரர் கண்ணாடிக்கு மேலாக அவனை முறைத்தார். "தம்பி, வர்ற வியாபாரத்தையும் ஏன் கெடுக்கிறீங்க? மெஷின் நல்ல மெஷின்தான். கைப்பழக்கம் வேணும்."

அவன் செல்போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினான். காரின் கதவு. அதன் நடுவில் கை முட்டி நுழையும் அளவுக்கு ஓட்டை.

"சின்னக் கீறலை அடைக்கப் போனேன். ஜன்னல் வச்சுக் கொடுத்துடுச்சு."

சிரிக்கக் கூடாது என்றுதான் உதட்டைக் கடித்தாள். முடியவில்லை...

அவள் வீட்டிலேயே கார் சீட் கவர் தைப்பவள். தைத்ததைக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு பழைய வேன் வைத்திருந்தாள். வண்டித் தகுதிச் சோதனையில் அதைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஓட்டுநர் கால் வைக்கும் இடத்தில் தரைத் தகரம் துருப்பிடித்து உதிர்ந்திருந்தது. 'இதுக்குச் செலவு பண்றதுக்குக் காயலான் கடைக்குப் போடலாம்' என்றார் மெக்கானிக். வேன் போனால் தொழிலும் போகும். துணியைத் துணியோடு சேர்க்கத் தெரிந்தவளுக்குத் தகரத்தைத் தகரத்தோடு சேர்க்க வராதா என்று ஒரு வீம்பில் கிளம்பி வந்திருந்தாள்.

பையிலிருந்து, ரெக்சினில் சுற்றி வைத்திருந்த ஒரு துண்டுத் தகரத்தை எடுத்துக் காட்டினாள். வேன் தரையிலிருந்து வெட்டியது. அவன் அதை விரல்களுக்கு நடுவில் வைத்துப் பார்த்தான்.

"என் கதவும் இதே கனம்தான். இந்த மெஷின்ல சூட்டைக் குறைக்கிறதுக்கு ரெண்டே பட்டன். குறைச்ச சூடே இதுக்கு அதிகம். காஸ் இல்லாம ஓடுற கம்பி வேற... பொறி பறந்து அப்பிக்கும். இரும்புக் கேட்டு ஒட்டலாம். காருக்கு ஆகாது."

"அப்போ காருக்கு எது ஆகும்?"

இருவர் பார்வையும் பக்கத்து அலமாரிக்குப் போனது. காஸ் சிலிண்டர் மாட்டும் மெஷின். மெல்லிய கம்பி போடலாம். சூட்டைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டவும் குறைக்கவும் திருகு இருந்தது. இருவரும் ஒரே நேரத்தில் விலையைப் பார்த்தார்கள். ஒரே நேரத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

"ஒரு குடும்பத்துக்கு ஒண்ணு போதும்ல? அதையே எடுத்துக்கோங்க" என்றார் கடைக்காரர்.

"நாங்க குடும்பம் இல்லை" என்றாள் அவள்.

"இப்போதான் பார்க்கிறோம்" என்றான் அவன்.

"அப்போ ஆளுக்குப் பாதி போடுங்க. என்னை விடுங்க."

எரிச்சலில் சொன்ன வார்த்தைதான். ஆனால் இருவரும் யோசித்தார்கள்...

கடையின் பின்கட்டில், கடைக்காரர் சொல்லிக் கொடுக்க, அவள் தன் தகரத்துண்டை ஒட்டிப் பார்த்தாள். ஓட்டை விழவில்லை. புடைத்துக்கொண்டு கோணலாக, ஆனால் உறுதியாக ஒரு தழும்பு. முகத்தில் இருந்த மாஸ்க்கைத் தூக்கினாள். எதிரே அவன் கண்கள். மழையில் கழுவிவிட்ட மாதிரி பளிச்சென்று, அவளைவிட அதிகமாகச் சந்தோஷப்படும் கண்கள். எதற்கென்று தெரியாமல் மாஸ்க்கை மறுபடி இறக்கிக்கொண்டாள்.

அவன் டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர். ஓட்டப் பழகுகிறவர்கள் கேட்டிலும் மதிலிலும் இடித்து வைப்பதை வீட்டிலேயே சரிசெய்யத்தான் அவனுக்கு மெஷின். பழைய மெஷினை அவன் திருப்பிக் கொடுக்க, புதியதை ஆளுக்குப் பாதி போட்டு வாங்கினார்கள். ஒரு வாரம் அவள் வீட்டில், ஒரு வாரம் அவன் வீட்டில் என்று முடிவானது. மாஸ்க் மட்டும் அவனுடையது. மெஷினோடு அதுவும் சேர்ந்து வந்து போகும்.

அக்காவுக்கு இது கொஞ்சமும் பிடிக்கவில்லை. அம்மா போன பிறகு அவளை வளர்த்தவள் அக்கா.

"முன்னப்பின்ன தெரியாத ஆளோட பாதி மெஷினா? நாளைக்கு என் பாதியை வெட்டிக் கொடுன்னு வாசல்ல நிப்பான்."

"அவருக்கு வெட்டவும் வராது அக்கா. கவலைப்படாதே."

வெட்ட வராதவன் அடிக்கடி வந்தான். காஸ் எவ்வளவு இருக்கிறது என்று பார்க்க வந்தான். கம்பி தீர்ந்திருக்குமோ என்று வந்தான். மெஷின் தன் வீட்டில் இருக்கும் வாரத்திலும் வந்தான்.

"இப்போ எதுக்கு வந்தீங்க மாஸ்டர்?"

"மெஷின் நல்லா இருக்குன்னு சொல்லிட்டுப் போகலாம்னு..."

அவள் வீட்டு ஷெட்டின் தகரக் கூரையில் மழை கொட்ட, இருவரும் பழைய தகரத்தில் பழகினார்கள். ஒரே இழுப்பில் ஒட்டினால் தகரம் நெளிகிறது என்று கண்டுபிடித்தது அவள்தான். துணியில் முதலில் நூலோட்டிவிட்டுப் பிறகு தைப்பதுபோல, அங்கொரு புள்ளி இங்கொரு புள்ளியாக வைத்து, சூடு ஆறவிட்டு இடைவெளியை நிரப்பினாள். வேன் தரையில் புதுத் தகரத்தைப் பொருத்தி முதல் ஓரத்தை முடித்த அன்று அவளுக்குச் சாப்பாடே இறங்கவில்லை. அத்தனை பெருமை.

மறுநாள் ஆட்டோவில் போய்ச் சீட் கவர் கொடுத்துவிட்டுத் திரும்பியபோது, ஷெட்டில் அவன் தனியாக இருந்தான். அவள் போட்ட ஒட்டு தேய்த்து எடுக்கப்பட்டிருந்தது. அதே இடத்தில் புதிதாக, நேராக, அவன் போட்ட ஒட்டு.

"எதுக்கு இதைப் பண்ணீங்க?"

அவன் மாஸ்க்கைக் கழற்றிக் கீழே வைத்தான்.

"சோதனைக்குத் தேறாதுன்னு நினைச்சா வாய்விட்டுச் சொல்லியிருக்கலாமே. கார்ல பழக வர்றவங்களுக்கு உங்க காலடியில ஒரு பிரேக் வச்சிருக்கீங்க, சரி. நான் உங்ககிட்டப் பழக வந்தவ இல்லை மாஸ்டர். பாதி மெஷின் என்னுது."

"நான்... வந்து..."

"மாஸ்க் உங்களுது. எடுத்துட்டுப் போங்க. மெஷின் இந்த வாரம் என் முறை."

அவன் மாஸ்க்கை எடுத்துக்கொண்டு போனான். திரும்பிப் பார்ப்பான் என்று எதிர்பார்த்தாள். பார்க்கவில்லை.

அடுத்த நாள் காலையிலேயே அவன் போட்ட ஒட்டை அறுத்தாள். கூலிங் கிளாஸை மாட்டிக்கொண்டு, ஒவ்வொரு புள்ளிக்கும் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, தரை முழுவதையும் தானே ஒட்டி முடித்தாள். சில நேரம் கண்ணை மூட மறந்தாள். வீம்பு அந்த வெளிச்சத்தைவிடப் பெரிதாக இருந்தது.

சாயங்காலம் கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்த ஆரம்பித்தது. விளக்கைப் பார்க்க முடியவில்லை. கண்ணீர் கொட்டியது. திறந்தால் நெருப்பு, மூடினால் முள்.

"அக்கா... எனக்குக் கண்ணு தெரியலை அக்கா..."

அக்காவுக்குக் கை கால் ஓடவில்லை. தங்கையின் செல்போனை எடுத்தாள். யாரைப் பிடிக்கவில்லை என்று இத்தனை நாளும் சொன்னாளோ, அவனைத்தான் கூப்பிட்டாள்.

அவன் எப்படி அவ்வளவு சீக்கிரம் வந்தான் என்று தெரியவில்லை. காரில் கண்ணை மூடியிருந்தவளுக்கு அவன் மூச்சு மட்டும் கேட்டது.

கண் மருத்துவமனையில் டாக்டரம்மா சொட்டு மருந்து விட்டார். எரிச்சல் சட்டென்று அடங்கியது. விளக்கடித்து மெதுவாகப் பார்த்தார்.

"வெல்டிங் வெளிச்சம் கண்ணைச் சுட்டிருக்கு. வெயில்ல தோல் கருகுற மாதிரி. பார்வைக்கு ஒண்ணும் ஆகலை. மருந்து போட்டு மூடிட்டு இருந்தா ரெண்டு மூணு நாள்ல சரியாயிடும். இனிமே மாஸ்க் இல்லாம அந்தப் பக்கமே போகக் கூடாது."

அக்கா பொத்தென்று நாற்காலியில் உட்கார்ந்து அழுதாள். மறுபக்கம், சிலிண்டர் வால்வைத் திறந்துவிட்டதுபோல நீளமாக ஒரு மூச்சு... அவனுடையது. அந்த மூச்சைக் கேட்டதும்தான் அவளுக்கும் பயம் இறங்கியது. பிழைத்தோம் என்று சுவரில் சாய்ந்தாள்.

"நாளைக்கு வேனுக்குச் சோதனை..." என்றாள் நினைவு வந்தவளாய்.

"நான் ஓட்டிட்டுப் போறேன்" என்றான் அவன். "உங்க ஒட்டுல கை வைக்க மாட்டேன்."

மறுநாள் மதியம் வாசலில் வேன் வந்து நின்றது. அக்காவும் கூடப் போயிருந்தாள். கண்ணில் பஞ்சோடு கட்டிலில் உட்கார்ந்திருந்தவள் செருப்புச் சத்தத்தை வைத்தே முகத்தைத் திருப்பினாள்.

"என்ன ஆச்சு அக்கா? சொல்லித் தொலையேன்."

"தேறிடுச்சுடி" என்றாள் அக்கா. "அந்த அதிகாரி வண்டிக்கு அடியில படுத்து, சுத்தியலால தட்டித் தட்டிப் பார்த்தார். ஒரு ஒட்டுகூட விட்டுப் போகலை. யார் போட்டதுன்னு கேட்டார். என் தங்கச்சின்னேன். ஆனா அவர் தட்டத் தட்ட உன் மாஸ்டர் முகத்தை நீ பார்த்திருக்கணும். பேயறைஞ்ச மாதிரி..."

அக்கா சிரித்தாள். பிறகு, காபி போடுவதாகச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். வேண்டுமென்றே பாத்திரங்களை உருட்டினாள்.

அறையில் அவன் நின்றுகொண்டிருந்தான். நாற்காலி இழுபடும் சத்தம் கேட்கவில்லை.

"உட்காருங்க மாஸ்டர்."

"இல்லை... அன்னைக்கு எதுக்கு அப்படிப் பண்ணேன்னு கேட்டீங்க. நீங்க கண்ணை மூடியிருக்கும்போதே சொல்லிடறேன். பார்த்தீங்கன்னா எனக்கு வார்த்தை வராது."

அவள் அவன் குரல் வந்த பக்கம் திரும்பி உட்கார்ந்தாள்.

"உங்க ஒட்டுல குறை ஒண்ணும் இல்லை. எனக்குத்தான் பயம். அந்தத் தகரம் உங்க காலுக்கு அடியில இருக்கப் போகுது. மழையில, லாரிக்கு நடுவுல, நீங்க மட்டும் தனியா ஓட்டிட்டுப் போவீங்க. நினைச்சு நினைச்சுத் தூக்கமே இல்லை. கை சும்மா இருக்க மாட்டேன்னுடுச்சு. தப்புதான். ஆனா நேத்து கார்ல வரும்போது... உங்களுக்குப் பார்வை போயிருந்தா என்ன பண்றதுன்னு யோசிச்சேன். என்னால எங்கேயும் போக முடியாதுன்னு மட்டும்தான் தோணுச்சு. எனக்கு உங்களை அவ்வளவு பிடிக்கும்."

அடுப்படியில் பாத்திரச் சத்தம் நின்றிருந்தது.

அவள் பஞ்சின் மேல் கை வைத்துக்கொண்டாள். கண் எரியவில்லை. ஆனாலும் நனைந்தது...

"சாதாரணமா நல்லா இருக்கிற கண்ணே உங்களைக் கண்டா படபடன்னு அடிச்சுக்கும் மாஸ்டர்" என்றாள் மெல்ல. "மெஷினை நீங்க எடுத்துட்டுப் போற நாள் வந்தாலே எனக்கு வீடு வெறிச்சுன்னு இருக்கும். மெஷின் இல்லாததாலன்னு நினைச்சுக்கிட்டேன். அப்புறம் ஒரு நாள், மெஷின் இல்லாம சும்மா வந்து நின்னீங்க பாருங்க... அன்னைக்கு வீடு நிறைஞ்சிடுச்சு. அப்போதான் எனக்கே தெரிஞ்சுது."

நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. மிக அருகில்.