பின்வளவுக் குழியின் மூடி

பின்வளவிலிருந்து யாரோ "மச்சான்" என்று கூப்பிட்டது நபீஸாவுக்கு நன்றாகக் கேட்டது. பகல் பதினொரு மணி. வீட்டில் அவளைத் தவிர ஒரு ஈ, காக்கா இல்லை. மதிலுக்கு அப்பால் வெறும் வளவு, அதற்கும் அப்பால் கடல். கழுவிக்கொண்டிருந்த கோப்பையை வைத்துவிட்டுப் பின்வாசலுக்கு வந்து பார்த்தாள். கொடியில் ஒரு துவாய் ஆடியது, அவ்வளவுதான். சோறு தின்னக் கூப்பிடுகிற குரல் அது. கூப்பிட்டால் புருஷன் வருவான் என்று நிச்சயமாகத் தெரிந்த ஒருத்தியின் குரல். பயத்துக்கு முன்னால் அந்த நிச்சயம்தான் அவளைச் சுட்டது.

அப்படி அவள் தன் புருஷன் முபாறக்கைக் கூப்பிட்டதே இல்லை. கூப்பிட்டிருந்தாலும் அந்த மனிசன் வந்து கிழித்திருப்பான்! வாப்பா சீதனமாகக் கட்டிக்கொடுத்த இந்த வீட்டில் பதினொரு வருஷம் தின்று படுத்தானே தவிர, ஒழுகிய பைப்பை ஒரு நாள் திரும்பிப் பார்த்தானா? நாலு வருஷத்துக்கு முன் கொழும்புக்குப் போனவன் அங்கேயே இன்னொருத்தியைக் கட்டிக்கொண்டான். இனி இந்தச் சுவர்களோடு மல்லுக்கட்ட ஏலாது என்றுதான் நபீஸா வீட்டை விற்கிறாள்.

வாங்குகிறவர்கள் பஸாலும் அவன் பெண்சாதி அம்ஹாவும். அம்ஹாவுக்கு எட்டாம் மாசம். வீடு பார்க்க வந்த அன்று பஸால் எல்லா இடத்திலும் முதலில் தான் கால் வைத்துப் பார்த்தான். படியில் ஏறி நின்று குதித்தான். குளியலறை நிலத்தைப் பாதத்தால் தேய்த்தான். பிறகுதான் அவளுக்குக் கை நீட்டினான்.

"சிரிக்காதீங்க ராத்தா," என்றாள் அத்தர் மணக்க நின்ற அம்ஹா. "இவர் இப்படித்தான். நான் குடிக்கிற தேத்தண்ணியையும் சூடு பாத்துத்தான் தருவார்."

யார் சிரித்தது? நபீஸாவுக்கு வயிறு பற்றி எரிந்துகொண்டிருந்தது.

வீட்டு உறுதிப் பத்திரம் எழுதுமுன் அவள் திருத்திக் கொடுக்கவேண்டியவற்றை பஸால் கொப்பித் தாளில் எழுதித் தந்தான். பின்வாசல் படி உயரம், அம்ஹாவுக்குக் கால் தூக்கக் கஷ்டம். குளியலறை நிலம் வழுக்குது, அம்ஹா விழுந்துருவா. கக்கூஸ் குழி மூடி வெடிச்சிருக்கு, அம்ஹா உடுப்புக் காயப்போடுற இடம், கட்டாயம் புதுசு போடணும். வரிக்கு வரி அம்ஹா. தன் பெயரை ஒரு ஆண் இத்தனை தடவை எழுதி நபீஸா கண்டதில்லை. முபாறக் ஒரே ஒரு தடவை எழுதினான், தலாக் கடிதத்தில்.

பெரியநீலாவணையிலிருந்து வந்த மேசன் பூபாலசிங்கம் படியைத் தணித்தார். வழுக்காத டைல்ஸ் பதித்தார். குழி மூடியைக் கம்பியால் தட்டிப் பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

"உள்கம்பி உக்கிப்போய்க் கிடக்கு தங்கச்சி. ஒராள் ஏறி நிண்டாலே உள்ளுக்குத்தான். நாளைக்கே புதுசு வாத்துப் போடுவம்."

"வேணாம் அண்ணன். அத நான் வேற ஆள வச்சிச் செய்றன்."

வேறு ஆள் யார்? அவளேதான். அன்று பின்னேரமே சீமெந்து குழைத்து, கரையில் குந்தியிருந்து, வெறுங்கையால் வெடிப்பை வழித்து மெழுகினாள்; வலது மணிக்கட்டில் அப்பச்சட்டி சுட்ட தழும்புவரை சீமெந்து அப்பியது. பார்க்கப் புது மூடி போலவே இருந்தது. அம்ஹா விழட்டும் என்று நினைக்கவில்லை, அல்லாஹ் அறிய நினைக்கவில்லை. பஸால் எழுதியதெல்லாம் அவளுக்குக் கிடைக்கக் கூடாது, ஒன்றாவது கிடைக்காமல் போகட்டும், அவ்வளவுதான்.

மறுநாள்தான் அந்தக் குரல் வந்தது. அதற்கடுத்த நாளும் அதே பதினொரு மணிக்கு வந்தது. இந்தத் தடவை நபீஸா நேரே மூடியின் கரைக்குப் போனாள். வெயில் கொளுத்தியது; வளவு மணல் அடுப்புச் சாம்பல் போலச் சுட்டது; ஆனால் பூசிய சீமெந்து இன்னும் காயாமல், முந்தாநாள் குழைத்த ஈரத்தோடு மினுங்கிக்கொண்டிருந்தது. குழி நாற்றத்துக்குள் மெல்லிய அத்தர் வாசம். குனிந்து காதை வைத்தாள். கீழே யாரோ நகத்தால் சுரண்டினார்கள்.

"மச்சான்..."

அம்ஹாவின் குரல். காதுக்குக் கீழே, ஒரு சாண் தூரத்தில்.

உள்ளே ஓடிப்போய்ப் போனை எடுத்தாள். மேசனின் நம்பரை அழுத்தினாள். அப்போது பின்வளவில் அந்தக் குரல் சிரித்தது, செல்லமாக, கட்டிலில் சிரிக்கிற சிரிப்பு. நபீஸா போனை வைத்துவிட்டாள். சிரிக்கட்டும். எவ்வளவு நாளைக்குச் சிரிக்கிறாள் பார்ப்போம்.

வியாழக்கிழமை கல்முனையில் உறுதி எழுதினார்கள். நொத்தாரிசு கண்ணாடிக்கு மேலால் பார்த்துக் கேட்டார்.

"திருத்த வேலையெல்லாம் முடிச்சாச்சா?"

சொல்லிவிடலாம். ஒரு சொல் போதும். அம்ஹாவின் தலையிலிருந்து நழுவிய சால்வையை பஸால் இழுத்துச் சரிசெய்வது கண்ணில் பட்டது.

"ஓம்," என்றாள் நபீஸா.

"ராத்தா சொன்னாச் சரிதான்," என்று பஸால் கையெழுத்து வைக்கவேண்டிய இடத்தை அம்ஹாவுக்குக் காட்டினான்.

அஸர் தொழுகைக்குப் பிறகு வீட்டுத் திறப்பைக் கொடுக்க மூன்று பேரும் வீட்டுக்கு வந்தார்கள். அம்ஹா நேரே பின்வளவுக்குப் போனாள். வயிற்றைத் தாங்கிக்கொண்டு, புதுப் படியில் இறங்கி, கொடியைப் பார்த்து நடந்தாள். மூடிக்கு நாலடி. மூன்றடி.

"நில்லு புள்ள! மிதிக்காத!" நபீஸா கத்தியேவிட்டாள்.

அம்ஹா நின்றாள். பஸால் நபீஸாவைத் தாண்டி ஓடினான்.

"நீங்க நில்லுங்க அம்ஹா. நான் பாக்கன்."

"ஐயோ தம்பி, வேணாம்!"

அவன் வழக்கம்போலவே செய்தான். ஏறி நின்றான். ஒரு குதி.

பெரிய சத்தம்கூட இல்லை. மூடி இரண்டாகி உள்ளே போனது. அவனும் போனான். கீழே, எங்கோ ஆழத்தில், ஒரு சளப்.

அம்ஹா முழங்காலில் விழுந்து குழிக்குள் குனிந்தாள்.

"மச்சான்..."

அதே குரல். வருவான் என்று தெரிந்த குரல்.

இருட்டுக்குள்ளிருந்து ஒரு கை வந்தது. அம்ஹா இரண்டு கையாலும் அதைப் பற்றிக்கொண்டாள்.

"புடிச்சிட்டன்! ராத்தா, வந்து இழுங்க ராத்தா!"

நபீஸா பார்த்தாள். மெலிந்த கை. பெண்ணின் கை. நகத்துக்குள் சீமெந்து. மணிக்கட்டில் அப்பச்சட்டி சுட்ட பழைய தழும்பு, தன்னுடைய தழும்பு.

"விடு புள்ள! அது அவன் இல்ல!"

அம்ஹா விடவில்லை. அழுதுகொண்டே இழுத்தாள். கை மேலே வரவில்லை. அவள்தான் சரிந்தாள். கொஞ்சம். இன்னும் கொஞ்சம். வயிறு குழியின் விளிம்பில் உரசியது.

நபீஸாவின் வலக்கை தானாக மூடியிருந்தது. உள்ளங்கையில் அம்ஹாவின் விரல்கள், சூடாக, வியர்த்து. கண்ணுக்குத் தெரியாத அந்த விரல்களை விட்டுவிடப் பார்த்தாள். கை திறக்கவில்லை. இடக்கையால் தன் விரல்களை ஒவ்வொன்றாக நெம்பினாள்.

திறக்கவில்லை. இறுகியது.